பட்டம் பெற்ற தொழிலதிபர் பெயர் கெட்டால் பட்டத்தைத் திரும்பப் பெறலாமா?

நிறுவனத்தைச் சீரழித்தார், ஊழியர்களையோ முதலீட்டாளர்களையோ ஏமாற்றினார் என்று பெயர் கெட்டுப்போன தொழில் தலைவர்களிடம், அரசு முன்பு அளித்த பட்டங்களையும் விருதுகளையும் விட்டுவைக்க வேண்டுமா, பறிக்க வேண்டுமா என்பது கேள்வி. பறிக்கலாம், சில நேரங்களில் பறித்தே ஆகவேண்டும் என்பது என் பதில். ஆனால் அதை ஒரு தண்டனையாக எண்ணிச் செய்யும்போது பெரும்பாலும் கோணலாகவே முடிகிறது. எந்தப் பணிக்காகப் பட்டம் வழங்கப்பட்டதோ அந்தப் பணியே பொய்யானது அல்லது கேடானது என்று முறையான விசாரணையில் தெரியவந்தால், தான் கொடுத்த சான்று தவறு என்று அரசு பதிவேட்டைத் திருத்திக்கொள்கிறது. பட்டப் பறிப்பு என்பது அவ்வளவுதான். இப்படிப் பார்த்தால் குற்றவியல் நீதிமன்றத்தின் தண்டனை கட்டாயத் தேவை ஆகாது. அதே சமயம் மக்களின் கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது மட்டும் போதாது.

இந்த விவாதத்தில் அதிகம் அடிபட்ட பெயர் பிரெட் குட்வின். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த அவருக்கு 2004-இல் வங்கித் துறைக்கு ஆற்றிய பணிக்காக ‘சர்’ பட்டம் கிடைத்தது. 2007-இல் ஃபோர்ட்டிஸ், சான்டான்டர் ஆகிய வங்கிகளுடன் சேர்ந்து டச்சு வங்கியான ஏபிஎன் ஆம்ரோவை வாங்கினார். 2008 அக்டோபரில் அவருடைய வங்கி நிலைகுலைந்தது. பிரிட்டிஷ் அரசு மொத்தம் சுமார் 4,550 கோடி பவுன் மக்கள் பணத்தைப் போட்டு அதைக் காப்பாற்றியது. அந்த ஆண்டு வங்கி காட்டிய 2,410 கோடி பவுன் நட்டம், பிரிட்டிஷ் நிறுவன வரலாற்றில் அதுவரை எவரும் காணாதது. 2012 ஜனவரி கடைசி நாளில் அவருடைய பட்டம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. அவர்மீது வழக்கு எதுவும் இல்லை. தொழில்சார் ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை. மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர்களும் தொழில் அமைப்புகளால் பதிவு நீக்கப்பட்டவர்களும் பட்டம் இழப்பதே வழக்கமாக இருந்த நாட்டில் இது விதிவிலக்கான முடிவு. அவருடைய செயல்களால் விளைந்த பாதிப்பின் அளவே இந்த விலக்குக்குக் காரணம் என்று அரசு தரப்பு கூறியது.

அந்த வாரத்தை நினைவில் வைத்துப் பார்த்தால் காரணம் அது மட்டும்தானா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. இரண்டு நாட்களுக்கு முன்புதான், அதே வங்கியில் குட்வினுக்கு அடுத்து வந்த ஸ்டீபன் ஹெஸ்டர், ஏறத்தாழ 9.63 லட்சம் பவுன் மதிப்புள்ள ஊக்கத்தொகைப் பங்குகளை எதிர்ப்புக்குப் பணிந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஊக்கத்தொகைச் சர்ச்சையில் திணறிய அரசியல்வாதிகளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. வங்கி கவிழ்ந்த காலத்தில் நிதியமைச்சராக இருந்த அலிஸ்டர் டார்லிங்கே, ஒருவரை மட்டும் குறிவைப்பதைக் கண்டித்தார். வங்கியின் இயக்குநர் குழுவும் மேற்பார்வை செய்ய வேண்டிய ஒழுங்குமுறை அதிகாரிகளும் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள் அல்லவா என்ற கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

முடிவு சரி, அதை அடைந்த விதம் சரியில்லை என்பது என் கருத்து. ஏன் சரி என்பதற்கு இன்னொரு ‘சர்’ஐப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். வீட்டுக் கணினியை மலிவாக்கிய கிளைவ் சின்கிளேருக்கு 1983-இல் பட்டம் கிடைத்தது. 1985-இல் அவர் கொண்டுவந்த சி5 என்ற மின்வண்டி ஊரே சிரிக்கத் தோற்றது. மறு ஆண்டே கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திடம் 50 லட்சம் பவுனுக்கு விற்றுவிட்டார். 2021-இல் இறக்கும்வரை அவர் சர் கிளைவ்தான். அதைப் பறிக்க வேண்டும் என்று சொன்னவர் இல்லை, சொல்லியிருந்தால் அபத்தமாக இருந்திருக்கும். தொழிலில் தோற்பது இழிவு ஆகாது. பட்டம் எந்தச் சாதனைக்காகக் கிடைத்ததோ, அந்தச் சாதனை சி5 தோற்ற பிறகும் அப்படியே இருந்தது. குட்வின் விஷயத்தில் அப்படி எதுவும் மிஞ்சவில்லை. வங்கித் துறைக்கான பணி என்றால் அதன் முதல் பொருளே பிறர் பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பது. ஏபிஎன் ஆம்ரோவை வாங்குமுன் அதைப் பற்றி இவர்கள் தரப்புக்குக் கிடைத்த தகவல் இரண்டு கோப்புகளும் ஒரு குறுந்தகடும் மட்டுமே என்று, அன்று பிரிட்டிஷ் வங்கிகளைக் கண்காணித்த நிதிச் சேவைகள் ஆணையம் 2011 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த வங்கியில் அரசு வைத்திருந்த கடைசிப் பங்குகள் விற்றுத் தீர்ந்தது 2025 மே மாதத்தில்தான். அப்போதும் மக்கள் பணத்தில் ஏறத்தாழ 1,000 கோடி பவுன் திரும்பி வரவில்லை.

பட்டம் வெறும் அலங்காரம்தானே, இருந்தால் என்ன போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தொழில் உலகில் பட்டம் ஒரு பிணையைப் போல வேலை செய்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. சென்னைக்கே இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதில் வைப்புத்தொகை போட்டிருந்த ஆயிரக்கணக்கான மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட், நகரத்தின் முதன்மையான மனிதர்களில் ஒருவர். மோசடி வழக்கில் அவருக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அந்த முறிவின் விளைவாகத்தான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் பிறரும் முயன்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். ஆர்பத்நாட்டிடம் பணத்தைக் கொடுத்தவர்கள் யாரும் கணக்கேடுகளைப் பார்த்துக் கொடுத்தவர்கள் இல்லை. அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பைப் பார்த்துக் கொடுத்தவர்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து இதே காட்சி கரீபியனில் அரங்கேறியது. டெக்சாஸைச் சேர்ந்த ஆலன் ஸ்டான்ஃபோர்டுக்கு ஆன்டிகுவா அரசு 2006-இல் ‘சர்’ பட்டம் கொடுத்தது. 2008-இல் அவர் லார்ட்ஸ் மைதானத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, இங்கிலாந்து அணியோடு 2 கோடி டாலர் ஆட்டம் ஒன்றை அறிவித்ததைக் கிரிக்கெட் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் அவர்மீது மோசடி வழக்குத் தொடுத்தது. புதியவர்களிடம் வாங்கிப் பழையவர்களுக்குக் கொடுக்கும் அந்தத் திட்டத்தில் சிக்கிய தொகை சுமார் 700 கோடி டாலர். 2012-இல் அவருக்குக் கிடைத்தது 110 ஆண்டுச் சிறை. ஆன்டிகுவா அந்தத் தீர்ப்புக்குக் காத்திராமல் முன்பே பட்டத்தை ரத்து செய்துவிட்டது. அதில் அவசரம் எதுவும் இல்லை. ஒருவர் பெயருக்கு முன்னால் அரசு ஒட்டிய சொல்லைப் பார்த்து மக்கள் பணம் போடுகிறார்கள் என்றால், ஐயம் வலுத்த பிறகும் அதை விட்டுவைப்பது அரசே விளம்பரம் செய்வதற்குச் சமம்.

பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தின் கதை இதைவிடக் கசப்பானது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணினி அமைப்பு உண்மையில் இல்லாத பணக்குறைவைக் கணக்கில் காட்ட, அதை நம்பி 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 700 பேர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. சிறை சென்றவர்கள், வீட்டை விற்றவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் என்று பட்டியல் நீளம். அதில் தெற்காசிய வம்சாவளியினர் பலர். 2012 முதல் 2019 வரை நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பவுலா வெனல்ஸுக்கு 2019 புத்தாண்டுப் பட்டியலில் ‘சர்’ பட்டத்துக்கு அடுத்த நிலையான சி.பி.இ. விருது வந்தது. அஞ்சல் நிறுவனத்துக்கும் அறப்பணிக்கும் ஆற்றிய சேவைக்காக என்று அதில் எழுதியிருந்தது. அந்த நாளில், நிறுவனத்துக்கு எதிராக 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. பரிந்துரை செய்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை, தெரிந்தும் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர், ஹொரைசனில் பிழையில்லை என்று நிறுவனம் சாதித்ததை, உலகம் தட்டை என்று சாதிப்பதற்கு ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதினார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. நான் மேலே சொன்ன அளவுகோலின்படி விருதைத் திரும்பப் பெற இவை இரண்டும் தாராளமாகப் போதும். ஆனால் எதுவும் நடக்கவில்லை. 2024 ஜனவரியில் ஐடிவி தொலைக்காட்சி இந்தக் கதையை நாடகத் தொடராக ஒளிபரப்பியதும் பன்னிரண்டு லட்சம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். விருதைத் திருப்பிக் கொடுப்பதாக வெனல்ஸ் அறிவித்தார். பிப்ரவரியில் அரசர் முறைப்படி அதை ரத்து செய்தார். 2021-க்கும் 2024-க்கும் இடையில் அவரைப் பற்றிய புதிய உண்மை என்று பெரிதாக எதுவும் வந்துவிடவில்லை. நாடகம் வந்தது, கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் விருதுப் பறிப்பைப் பரிந்துரைக்கும் குழு அசையும் என்றால், தொலைக்காட்சியில் கதையாக வராத எத்தனை அநியாயங்களின் பொறுப்பாளிகள் மார்பில் பதக்கத்தோடு இன்னும் உலவுகிறார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

பறிக்காமல் விடுவதால் பிற விருதாளர்களுக்கு நேரும் இழிவும் இந்த வழக்கில்தான் வெளிப்படையாகத் தெரிந்தது. துணை அஞ்சல் பொறுப்பாளர்களுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடிய ஆலன் பேட்ஸுக்கு, சி.பி.இ.-க்கு ஒரு படி கீழான ஓ.பி.இ. விருது தர அரசு முன்வந்தபோது, வெனல்ஸ் தம்முடைய உயர்ந்த விருதை வைத்திருக்கும்வரை தாம் இதை ஏற்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். வெனல்ஸின் விருது போன பிறகு, 2024 ஜூனில் அறிவிக்கப்பட்ட ‘சர்’ பட்டத்தை ஏற்றுக்கொண்டார். பட்டியலில் ஒருவர் இருப்பதால் அதில் சேர நேர்மையான இன்னொருவர் கூசுகிறார் என்றால், அந்தப் பட்டியலுக்கு அதைவிட வேறு நட்டம் வேண்டியதில்லை.

என் அளவுகோல் எல்லா இடத்திலும் பறிப்பையே சொல்லும் என்று நினைக்க வேண்டாம். ஜாக் லயன்ஸ் கலைகளுக்கும் கல்விக்கும் வாரிக் கொடுத்தவர். யார்க் பல்கலைக்கழகத்தின் இசையரங்கு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1973-இல் ‘சர்’ ஆனார். 1986-இல் டிஸ்டில்லர்ஸ் நிறுவனத்தைக் கைப்பற்ற கின்னஸ் நிறுவனம் தன் பங்கு விலையைச் செயற்கையாக ஏற்றிய விவகாரத்தில் சிக்கி, 1990-இல் தண்டனை பெற்று, மறு ஆண்டு பட்டத்தையும் இழந்தார். 2000-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கட்டாயப்படுத்தி வாங்கிய வாக்குமூலத்தைப் பயன்படுத்தியதால் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கூறியது. ஆனால் உள்நாட்டு நீதிமன்றங்கள் தண்டனையை மாற்றவில்லை. அதே வழக்கில் சிறைக்கே போன ஜெரால்டு ரான்சனுக்கு, 2012 புத்தாண்டுப் பட்டியலில் அறப்பணிக்காக சி.பி.இ. கிடைத்தது, குட்வினின் பட்டம் பறிபோன அதே மாதத்தில்! ரான்சனுக்குக் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. தண்டனை அனுபவித்த பின் செய்த தொண்டுக்காக ஒருவரைப் பெருமைப்படுத்தலாம் என்றால், கொடைக்காகப் பெற்ற பட்டத்தைப் பங்குச்சந்தைக் குற்றத்துக்காக லயன்ஸிடமிருந்து பறித்திருக்க வேண்டியதில்லை. அவர் கொடுத்த பணம் உண்மை, கட்டிய அரங்கு உண்மை. அந்தக் கொடையே மோசடிப் பணத்திலிருந்து வந்திருந்தால் அது வேறு பேச்சு.

பிலிப் கிரீனின் வழக்கு வேறு விதமான சிக்கல். சில்லறை வணிகத்துக்கான பணிக்காக 2006-இல் பட்டம் பெற்ற அவர், பி.எச்.எஸ். கடைத் தொடரை 2015-இல் ஒரே ஒரு பவுனுக்கு விற்றார். மறு ஆண்டு அது முறிந்து 11,000 பேர் வேலை இழந்தார்கள். ஊழியர் ஓய்வூதிய நிதியில் 57.1 கோடி பவுன் பள்ளம் தெரிந்தது. 2016 அக்டோபரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை அவருடைய பட்டத்தைப் பறிக்கக் கோரும் தீர்மானத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. நான்கு மாதத்தில், ஓய்வூதிய நிதிக்கு 36.3 கோடி பவுன் வரை தர அவர் ஒப்புக்கொண்டார். பட்டம் அவரிடமே இருக்கிறது. பட்டம் போய்விடுமோ என்ற அச்சம் ஓய்வூதியர்களுக்குப் பணத்தைக் கொண்டுவந்தது என்றால் அது நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். ஓய்வூதியர் கண்ணோட்டத்தில் நல்லதுதான். ஆனால் அந்தப் பேரம் பழக்கமானால் பட்டத்துக்கு ஒரு விலை ஏற்பட்டுவிடும். பணத்தை வசூலிக்க ஓய்வூதிய ஒழுங்குமுறை அதிகாரிக்குச் சட்டம் இருக்கிறது. பட்டத்தை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

பிரிட்டனின் எச்.பி.ஓ.எஸ். வங்கியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ஜேம்ஸ் கிராஸ்பி இவர்களிலிருந்து விலகி நிற்கிறார். 2013 ஏப்ரலில் நாடாளுமன்ற ஆணையம் அந்த வங்கியின் வீழ்ச்சிக்கு அவரைப் பொறுப்பாக்கியதும், தமது பட்டத்தை ரத்து செய்யும்படி அவரே கேட்டுக்கொண்டார், ஆண்டுக்கு 5.8 லட்சம் பவுனாக இருந்த ஓய்வூதியத்தில் 30 விழுக்காட்டையும் விட்டுக்கொடுத்தார். மற்றவர்கள் ஏன் இந்த வழியை எடுப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

முறைகளில் உள்ள முரண்களையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ‘சர்’ பட்டத்தை ஒரு குழுவின் பரிந்துரையால் நீக்கலாம். பிரபு (லார்ட்) பட்டத்தை நீக்க நாடாளுமன்றச் சட்டமே வேண்டும். அதனால்தான் கேனெக்ஸ் மழைக்கோட்டுப் புகழ் ஜோசப் ககன் 1980-இல் திருட்டுக்காகச் சிறை சென்று ‘சர்’ பட்டத்தை இழந்தும், அதைவிடப் பெரிய பிரபு பட்டத்தோடு பிரபுக்கள் அவைக்குத் திரும்பி வந்தார். பத்திரிகை முதலாளி கான்ராட் பிளாக் அமெரிக்காவில் 2007-இல் தண்டிக்கப்பட்டபோதும் இதே கதை. கனடா 2014-இல் தன் உயரிய விருதான ‘ஆர்டர் ஆஃப் கனடா’விலிருந்து அவரை நீக்கியது. லண்டனில் அவர் பிரபுவாகவே தொடர்ந்தார். கனடாவின் நடைமுறையில் ஒரு நேர்மை இருக்கிறது. சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் தரப்பை எழுத்தில் கேட்ட பிறகே ஆலோசனைக் குழு முடிவெடுக்கும். நேரில் பேச வேண்டும் என்று பிளாக் நீதிமன்றம் வரை போனார். எழுத்து போதும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரான்சில் இன்னும் எளிது. குறைந்தது ஓராண்டுக் கட்டாயச் சிறைத் தண்டனை உறுதியானால் அந்நாட்டின் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஹானர் தானாகப் போய்விடும். 2025-இல் முன்னாள் அதிபர் சர்கோசிக்கும் அப்படித்தான் போனது. அது பாரபட்சம் இல்லாத விதி. ஆனால் குட்வின், வெனல்ஸ் போன்று தண்டனையே பெறாதவர்களை அது தொடாது.

இந்தியாவில் அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு பட்டங்களைத் தடை செய்கிறது. பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் அவற்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பாலாஜி ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தெளிவாக்கியது. திருமண அழைப்பிதழ்களையும் சுவரொட்டிகளையும் பார்த்தால் அந்தத் தீர்ப்பை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பத்ம விருது விதிகளில் குடியரசுத் தலைவர் எந்த விருதையும் ரத்து செய்யலாம் என்று ஒரு வரி இருக்கிறது. எந்தக் காரணத்துக்காக, யார் விசாரித்து, விருதாளருக்கு என்ன வாய்ப்பு கொடுத்து என்பதைப் பற்றி அந்த வரி எதுவும் பேசவில்லை.

இதன் விளைவு என்ன என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளில் காணலாம். அமெரிக்காவில் ஹோட்டல் தொழில் நடத்தும் சந்த் சிங் சட்வாலுக்கு 2010-இல் கடும் எதிர்ப்புக்கு நடுவே பத்ம பூஷண் கொடுக்கப்பட்டது. 2014-இல் தேர்தல் நன்கொடைச் சட்டத்தை மீறியதையும் சாட்சியைக் கலைக்க முயன்றதையும் அவரே நியூயார்க் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்ட இத்தகைய வழக்கில் அரசு வாயைத் திறந்து, ‘நீக்குகிறோம்’ என்றோ, ‘அந்தக் குற்றத்துக்கும் விருதுக்கும் தொடர்பில்லை, நீக்கவில்லை’ என்றோ காரணத்தோடு சொல்ல வேண்டும். சந்தா கோச்சாரின் நிலை வேறு. ஐசிஐசிஐ வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தபோது, 2011-இல், பத்ம பூஷண் பெற்றவர் அவர். 2019 ஜனவரியில் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு, அவர் வங்கியின் நடத்தை விதிகளை மீறியதாக அறிக்கை தந்தது. வங்கி அவரைப் பணி நீக்கம் செய்யப்பட்டவராகக் கருதி, முன்பு கொடுத்த ஊக்கத்தொகையைத் திரும்பக் கேட்டது. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். மத்தியப் புலனாய்வுத் துறை அவரைக் கைது செய்த விதம் சட்டவிரோதம் என்று மும்பை உயர் நீதிமன்றமே கூறியிருக்கிறது. குழுவை அமைத்தது வங்கி, வழக்கை நடத்துவது அரசு. இந்த நிலையில் அரசு தன் விருதைத் திரும்பப் பெறுவதைவிட, விசாரணை முடியும்வரை பொறுப்பதே முறை. ஆனால் அந்த விசாரணை இருபது ஆண்டு இழுத்தால் என்ன செய்வது என்று கேட்டால், இந்திய விதிகளில் அதற்கு விடை கிடையாது.

அந்த ஒற்றை வரியை விரித்து எழுதுவது பெரிய வேலை இல்லை. விருதுக்குக் காரணமான பணியைக் குறித்து நீதிமன்றமோ, சட்டப்படி அமைந்த ஆணையமோ, ஒழுங்குமுறை அமைப்போ பாதகமான முடிவுக்கு வந்தால் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை தொடங்க வேண்டும். விருதாளரின் எழுத்துமூல விளக்கத்தைப் பெற வேண்டும். முடிவு எதுவானாலும் காரணத்தை அரசிதழில் வெளியிட வேண்டும். கூடவே, அந்த விருதுக்கு யார் பரிந்துரைத்தார்கள், என்ன சொல்லிப் பரிந்துரைத்தார்கள் என்பதும் அதே அறிவிப்பில் இடம்பெற வேண்டும். பதவியில் இருக்கும் நிறுவனத் தலைவருக்கு விருதே தராமல், ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்துத் தருவது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி எழவே எழாது. குட்வினும் கோச்சாரும் வெனல்ஸும் விருது பெற்றது பதவியில் இருந்தபோதுதான்.